வாகனக் கூரைத் துணியும் சங்கத்துச் சரக்கும்

சென்னையிலிருந்து பெங்களூருக்குச் செல்லும் பெருவழியில், பூந்தமல்லியை அடுத்து மேற்கே அமைந்துள்ளது நசரத்பேட்டை. வண்டலூரையும் மீஞ்சூரையும் இணைக்கின்ற 62 கிலோமீட்டர் நீளமுள்ள வெளிவட்டச் சாலை அப்பெருவழியைக் குறுக்கிடும் இடமும் இதுவே. காஞ்சிபுரம் பக்கத்து நெசவுச் சரக்கும், செம்பரம்பாக்கம், வெள்ளவேடு, திருமழிசைப் பக்கத்து விளைபொருளும் சென்னைக்குச் செல்வது இவ்வழியாகத்தான். 2020-ஆம் ஆண்டு மே மாதத்தில் கோயம்பேட்டு மொத்தக் காய்கறிச் சந்தை தற்காலிகமாகத் திருமழிசைக்கு மாற்றப்பட்டபோது, இந்தச் சாலைச் சந்திப்பின் முக்கியத்துவத்தை நம் பயிர்த்தொழில் அங்கத்தினர்கள் அனைவரும் நேரில் உணர்ந்தனர். இங்கே இரவும் பகலும் லாரிகள் ஓடுகின்றன. அவை எழுப்பும் புழுதியும் புகையும் பின்னால் வரும் வண்டிகளுக்குள் புகுகின்றன.

வண்டிக்குள் புகுந்த புழுதியில் ஒரு பகுதி இருக்கையிலும் தரையிலும் படிகின்றது. அதனை நாம் காண்கிறோம், துடைக்கிறோம். மற்றொரு பகுதி மேலே சென்று கூரையின் உட்புறத் துணியில் தங்குகின்றது. அதனை எவரும் அண்ணாந்து பார்ப்பதில்லை. சரக்கு வைக்கும் இடத்துக்கு நேர் மேலே இருக்கும் அந்தத் துணியைப் பற்றியே இக்கட்டுரையில் கூற விரும்புகிறோம். துணியையே வாழ்வாகக் கொண்ட நெசவாளருக்கு இவ்விஷயம் அந்நியமானதன்று. நூலின் குணம் அறிந்தவருக்கு இதில் முக்கால் பங்கு முன்பே தெரியும்.

மேலே அழுக்கு சேர்வது ஏன்?

பாரமுள்ள மண் கீழே விழுவது இயல்பு. ஆனால் வண்டிக்குள் சேரும் தூசி யாவும் பாரமானதன்று. டீசல் புகையின் கரி, பீடி சிகரெட்டுப் புகை, நூலிலிருந்து பறக்கும் பஞ்சுத் துகள், சாக்கிலிருந்து கிளம்பும் உமித்தூள் ஆகிய இவை காற்றிலே மிதப்பவை. வெயிலில் நிற்கும் வண்டியில் சூடேறிய காற்று மேலே எழும்போது இவற்றையும் எடுத்துச் செல்கின்றது. மேலே இருப்பதோ மயிர் நீவி விடப்பட்ட மெத்தென்ற துணி. அதன் ஒவ்வொரு இழையும் ஒரு சிறு கொக்கியைப் போலத் தூசியைப் பிடித்துக்கொள்கின்றது. நைலான், பாலியெஸ்டர் போன்ற செயற்கை இழைகள் வறண்ட நாட்களில் உராய்வினால் மின்னேற்றம் பெற்றுத் தூசியைத் தாமே இழுக்கும் தன்மையும் உடையவை.

இத்தூசி உலர்ந்த நிலையில் இருக்கும் வரை தீங்கு குறைவு. ஐப்பசி கார்த்திகை மாதங்களில்தான் நிலைமை மாறுகின்றது. மூடிய வண்டிக்குள் ஈரச் சாக்கும், நனைந்த குடையும், மனிதர் மூச்சும் சேர்ந்து ஈரத்தை நிரப்புகின்றன. இரவில் கூரைத் தகடு குளிர்ந்ததும், அடுப்பில் வைத்த பானையின் மூடியில் நீர் முத்துக்கள் கட்டுவதுபோல் அத்தகட்டின் உட்புறத்திலும் நீர் கட்டுகின்றது. அந்நீரைக் கூரைத் துணி உறிஞ்சுகின்றது. மழைநீர் ஒரு சொட்டும் ஒழுகாத வண்டியிலும் கூரைத் துணி நனைவதற்கு இதுவே காரணம். நனைந்த அழுக்கு கரைந்து, சொட்டாகக் கீழே விழவும் கூடும்.

கூலிப் பிடித்தத்தில் வெளிப்பட்ட உண்மை

இதனால் விளையும் தீமை வெறும் அழகுக் குறைவே என்று எண்ணுவோர் பலர். அவ்வெண்ணம் தவறு என்பதற்கு, நாம் தணிக்கையின்போது கண்ட ஒரு நிகழ்ச்சியைக் கூறுவோம். சங்கத்தின் பெயர் இங்கு வேண்டுவதில்லை.

அச்சங்கத்தில் வெள்ளை வேட்டி நெய்யும் நெசவாளர் சிலரது கூலியிலிருந்து, "கறை" என்ற காரணம் காட்டிப் பிடித்தம் செய்யப்பட்டிருந்தது. விற்பனை நிலையத்தில் மூட்டையைப் பிரித்தபோது, மடிப்பின் மேற்புறத்தில் பழுப்பு நிறப் புள்ளிகள் காணப்பட்டனவாம். தறியில் எண்ணெய் சிந்தியிருக்கும் என்று நிர்வாகத்தார் கருதினர். நெசவாளர்களோ, தறியிலிருந்து அறுக்கும்போது துணி மாசற்று இருந்தது என்று சாதித்தனர். அவர்கள் சொல்லுக்குச் சாட்சி இல்லை.

பிடித்தப் பேரேட்டையும் வாகனப் பதிவேட்டையும் அருகருகே வைத்துப் பார்த்தோம். கறை என்று குறிக்கப்பட்ட சரக்கு முழுவதும் சங்கத்தின் சொந்த வேனில் சென்றது. வாடகை லாரியில் சென்ற சரக்கில் ஒரு புகாரும் இல்லை. மாதங்களும் மழைக்கால மாதங்களாகவே இருந்தன. கறை பட்டவை யாவும் அடுக்கின் உச்சியில் இருந்த மூட்டைகள். வேனைத் திறந்து அண்ணாந்து பார்த்தபோது, கூரைத் துணி கருத்துத் தொங்கிக்கொண்டிருந்தது. ஈர வெள்ளைத் துணியால் அதனை ஒற்றி எடுத்தோம். அதே பழுப்பு நிறம் வெள்ளைத் துணியில் ஏறிற்று. தறியின்மேல் சுமத்திய குற்றம் கூரையின்மேல் சென்றது. நிர்வாகக் குழு தீர்மானம் நிறைவேற்றிப் பிடித்த கூலியைத் திருப்பிக் கொடுத்தது.

தொகை பெரிதன்று. ஆயினும், மாசற நெய்தவன் மாசுக்குப் பொறுப்பாளி ஆக்கப்பட்டான் என்பது சிறிய காரியமா? ஆகவேதான் சங்க அங்கத்தினர் இதனை அறிந்திருத்தல் அவசியம் என்கிறோம்.

இருவகைக் கூரைகள்

சுத்தம் செய்யத் தொடங்குமுன் நம் வண்டியின் கூரை எவ்வகையைச் சார்ந்தது என்பதை அறிதல் வேண்டும். இரு வகைகள் உண்டு.

முதல் வகை, தொங்கும் துணி. பழைய கார்களில் இம்முறையே வழங்கியது. உத்தரபாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் 1950-களின் பிற்பகுதி முதல் 2014-ஆம் ஆண்டு வரை தயாரித்த அம்பாசிடர், பம்பாயில் உருவான பிரிமியர் பத்மினி, நம் வண்டலூர்ப் பக்கத்தில் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1961-ஆம் ஆண்டு முதல் தயாரித்த ஹெரால்டு ஆகியவை அக்காலத்துக் கார்கள். தொங்கும் முறையில், துணியின் மேற்புறத்தில் குறுக்கே நீண்ட பைகள் தைக்கப்பட்டிருக்கும். அப்பைகளில் வளைந்த கம்பிகளைக் கோத்து, கம்பியின் இரு நுனிகளையும் கூரையின் ஓரத் துளைகளில் பொருத்தியிருப்பார்கள். துணியின் விளிம்பு நான்கு புறமும் இழுத்து ஒட்டப்பட்டோ ஆணியடிக்கப்பட்டோ இருக்கும். பருத்தித் துணி, கம்பளி கலந்த துணி, ரெக்சின் ஆகியவை இதற்குப் பயன்பட்டன.

இரண்டாம் வகை, ஒட்டிய துணி. பிற்காலத்து வண்டிகளில் இதுவே மிகுதி. அழுத்தி வார்த்த அட்டை ஒன்று கூரையின் வடிவத்துக்கே அமைந்திருக்கும். அதன்மேல் மெல்லிய நுரைப்பஞ்சும், நுரைப்பஞ்சின்மேல் பின்னல் துணியும் ஒட்டப்பட்டிருக்கும். கடைகளில் ஃபோம் என்று வழங்கும் இந்த நுரைப்பஞ்சு பாலியூரித்தேன் என்னும் பொருளால் ஆனது. ஜெர்மனியில் ஓட்டோ பேயர் என்ற இரசாயனியும் அவருடைய கூட்டாளிகளும் 1937-ஆம் ஆண்டில் கண்டுபிடித்த பொருள் இது. இதற்கு இரு பகைவர்கள்: ஒன்று ஈரம், மற்றொன்று வெப்பம். ஆண்டுக்கணக்கில் இவ்விரண்டும் தாக்கினால் அதன் இணைப்புகள் அறுந்து, பிசுபிசுப்பான பழுப்புத் தூளாக உதிர்கின்றது. மேலே நாம் கூறிய வேனில் உதிர்ந்ததும் இதுவே.

உள்ளங்கையை மெதுவாக வைத்து அழுத்திப் பார்த்தால் வகை புலனாகும். துணி மேலே சென்று பின் இறங்கினால் அது தொங்கும் துணி. கடினமான தளம் தட்டுப்பட்டால் அது ஒட்டிய துணி. கடினமான தளத்துக்கும் துணிக்கும் இடையே காற்று புகுந்ததுபோல் தளர்ந்திருந்து, விரல் பட்டதும் நறநறவென்று பொடியும் ஓசை கேட்டால், நுரைப்பஞ்சு இறந்துவிட்டது என்று கொள்ளலாம். அத்தகைய கூரையைச் சுத்தம் செய்வதில் பயனில்லை. அதற்குரிய வழியைப் பின்னர்க் கூறுவோம்.

நீர் வைத்துக் கழுவலாகாது

தரைப் பாயைக் கழுவுவதுபோல் கூரைத் துணியையும் நீர் தெளித்துக் கழுவுவோர் உளர். இதனினும் பெரிய தவறு வேறில்லை. ஒட்டிய வகையில் நீர் ஊறினால் பசை இளகும், அட்டை உப்பும், மறுநாள் காலையில் துணி ஓட்டுநரின் தலையில் தொங்கும். தொங்கும் வகையில் பருத்தித் துணி நனைந்தால் சுருங்கும். புதுத் துணியை முதல் முறை நனைத்தால் முழக்கணக்கில் எவ்வளவு குறையும் என்பதை நெசவாளர் அறிவார். நான்கு புறமும் பிடித்துக் கட்டப்பட்ட துணி சுருங்க இடமின்றித் தையலைக் கிழித்துக்கொள்ளும். உள்ளிருக்கும் இரும்புக் கம்பியும் துருப்பிடித்து, குறுக்கே நீண்ட செங்கோடுகளைத் துணியில் ஏற்றிவிடும்.

இன்னொரு கேடும் உண்டு. சாயமிட்ட நூலை ஒரு பக்கம் மட்டும் காற்றுப்பட உலர்த்தினால், சாயம் ஈரத்தோடு நகர்ந்து, உலரும் பக்கத்தில் ஏறி அடர்ந்து நிற்பதைச் சாயத் தொழிலாளர் கண்டிருப்பர். அழுக்கும் அவ்வாறே நடந்துகொள்கின்றது. ஓர் இடத்தை மட்டும் நனைத்துத் துடைத்தால், கரைந்த அழுக்கு ஈரத்தின் விளிம்புவரை சென்று, அங்கே நீர் ஆவியானதும் வளையமாக நின்றுவிடுகின்றது. கறை இருந்த இடம் வெளுத்து, சுற்றிலும் ஒரு கருவளையம் தோன்றுவது இதனால்தான். ஆகவே, குறைந்த ஈரம், முழுப் பரப்பு, விரைந்த உலர்வு ஆகிய மூன்றையும் விதியாகக் கொள்ள வேண்டும்.

வேண்டிய பொருள்கள்

மென்மையான தூரிகை ஒன்று, உறிஞ்சு குழாயுள்ள தூசி உறிஞ்சும் கருவி கிடைக்குமாயின் நன்று, வெள்ளை நிறப் பருத்தித் துண்டுகள் ஐந்தாறு, மிருதுவான கடற்பஞ்சு, இரு வாளிகள், காரம் குறைந்த திரவச் சோப்பு, மூக்கையும் வாயையும் மூடும் கவசம், கண்ணாடி, கையுறை. மேலே பார்த்துச் செய்யும் வேலையாதலால் கண்ணில் தூசி விழும். விளைபொருள் வண்டியாயின் பூச்சிமருந்துத் தூளும் அத்துணியில் இருக்கலாம். ஆதலால் கவசமும் கண்ணாடியும் ஆடம்பரம் ஆகமாட்டா. வெள்ளைத் துண்டுகளையே கேட்பதற்குக் காரணம் உண்டு. வண்ணத் துண்டின் சாயம் கூரையில் ஏறக்கூடும்; மேலும், எடுக்கப்பட்ட அழுக்கின் அளவை வெள்ளைத் துண்டுதான் காட்டும்.

துணி துவைக்கும் கட்டிச் சோப்பும் சலவைச் சோடாவும் வேண்டா. சென்னையின் மேற்குப் பகுதியில் பல இடங்களில் ஆழ்குழாய்க் கிணற்று நீர் கடினமானது. கடின நீரில் கட்டிச் சோப்புச் சேர்ந்தால் சாம்பல் நிறக் கசண்டு உண்டாகி இழைகளில் ஒட்டிக்கொள்ளும். கூரைத் துணியை அலசி எடுக்க வழியில்லை என்பதை நினைவிற் கொள்க. கடைசித் துடைப்புக்குக் குடிநீரோ, பிடித்து வைத்த மழைநீரோ பயன்படுத்துவது நலம். பட்டுக்கு நாம் பயன்படுத்தும் பூந்திக்கொட்டை நுரை மென்மையானதே. ஆயினும் அதன் பழுப்புச் சாயல் வெளிறிய துணியில் தங்கக்கூடுமாதலால், கருநிறத் துணிக்கு அன்றி வேறெதற்கும் அதனைப் பயன்படுத்தாதிருத்தல் நன்று.

செய்முறை

முதலாவது, வண்டியை நிழலில் நிறுத்திக் கதவுகள் யாவற்றையும் திறந்து வைக்க வேண்டும். வெயிலில் சூடேறிய கூரையில் வேலை செய்தால் சோப்பு நொடியில் உலர்ந்து திட்டாகும். பசையும் இளகிய நிலையில் இருக்கும். இருக்கைகளைப் பழைய போர்வையால் மூடுக. சரக்கு எதுவும் உள்ளே இருத்தலாகாது. உள்விளக்கை அணைத்து, இயலுமாயின் அதன் மூடியைக் கழற்றிவிடுக. புதிய வண்டிகளில் கூரையின் பக்க ஓரங்களில் ஏர்பேக் என்னும் காற்றுப்பையும் மின்கம்பிகளும் மறைந்திருக்கலாம். அவ்விடங்களில் அழுத்துவதும் நனைப்பதும் கூடா.

இரண்டாவது, உலர்ந்த தூசியை அகற்றுதல். இது முழுமையாக முடியுமுன் ஒரு துளி நீரும் படலாகாது. தூசியின்மேல் நீர் பட்டால் அது சேறு; சேறு இழைக்குள் புகுந்தால் பின்னர் வெளிவருவது அரிது. முன்னிருந்து பின்னாக, ஒரே திசையில், மெல்லத் தூரிகையால் வருடி, உதிரும் தூசியை உறிஞ்சு குழாயால் எடுக்க வேண்டும். குழாயைத் துணியோடு அழுத்தினால் ஒட்டு விட்டுப்போகும். ஒரு விரற்கடை தள்ளியே பிடிக்க வேண்டும். கருவி இல்லாதவர்கள் தூரிகையாலேயே இருமுறை செய்யலாம்.

மூன்றாவது, சோதனை. ஓட்டுநருக்கு முன்னே வெயில் மறைக்கும் பலகையை இறக்கினால், அதன் பின்னே மறைவான இடம் தென்படும். அங்கே உள்ளங்கை அளவு இடத்தில் சோப்பு நுரையை இட்டு வெள்ளைத் துண்டால் ஒற்றுக. துண்டில் அழுக்கு நிறம் மட்டும் ஏறினால் மேலே செல்லலாம். துணியின் சாயமே ஏறினாலும், உலர்ந்த பின்னர் அவ்விடம் சுருங்கினாலும், துணி கழன்றாலும் வேலையை அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.

நான்காவது, நுரையிடுதல். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் ஒரு தேக்கரண்டி திரவச் சோப்பை விட்டு, தயிர் கடைவதுபோல் நன்றாக அடித்தால் மேலே நுரை திரளும். அந்நுரையை மட்டும் கடற்பஞ்சில் எடுக்க வேண்டும். அடியில் நிற்கும் நீரைத் தொடலாகாது. ஒரு தையலிலிருந்து அடுத்த தையல் வரை ஒரு பகுதி என்று வகுத்துக்கொள்க. தையல் இல்லாத அட்டைக் கூரையாயின், ஒரு கதவின் அகலம் ஒரு பகுதி. அப்பகுதி முழுதும் நுரையை மெல்லப் பூசி, ஓரிரு நிமிடம் விட்டு, நீரில் நனைத்து இறுகப் பிழிந்த வெள்ளைத் துண்டால் ஒரே திசையில் துடைக்க வேண்டும். தேய்த்தல் கூடாது. தேய்த்தால் மயிர் எழும்பித் துணி திரைந்துபோகும். துண்டு கருத்ததும் மறுபுறம் திருப்புக; அதுவும் கருத்தால் வேறு துண்டு எடுக்க. அழுக்கேறிய துண்டால் துடைப்பது அழுக்கை இடம் மாற்றுவதேயன்றி வேறன்று.

ஐந்தாவது, அடுத்த பகுதிக்குச் செல்லும்போது முந்தைய பகுதியின் விளிம்பு ஈரமாக இருக்கும்போதே இரண்டங்குலம் மேற்கவிந்து தொடர வேண்டும். இவ்வாறு செய்தால் முன்பு கூறிய கருவளையம் தோன்றாது. பாதியில் நிறுத்தி மறுநாள் தொடர்வதாயின், தையல் உள்ள இடத்தில் நிறுத்துக.

ஆறாவது, உலர்த்துதல். கதவுகளைத் திறந்து வைத்து, மின்விசிறி ஒன்றை உள்நோக்கிச் சுழலவிட வேண்டும். பகல் முழுதும் உலரட்டும். மாலையில் வெள்ளைத் துண்டை வைத்து அழுத்திப் பார்த்து, ஈரம் ஏறவில்லை என்று கண்ட பின்னரே கதவை மூடலாம். காலையில் தொடங்கும் வேலையாக இதனை வைத்துக்கொள்வது உத்தமம். மழை நாளில் தொடங்கலாகாது. ஒருமுறையில் அழுக்கு முழுதும் நீங்காவிடில், நன்கு உலர்ந்த பின்னர் மறுநாள் மீண்டும் செய்யலாம். ஒரே நாளில் இருமுறை நனைப்பது ஆபத்து.

தனிக் கறைகள்

தலையெண்ணெய்க் கறை: இருக்கைகளுக்கு நேர் மேலே, ஏறி இறங்கும் இடத்தில் காணப்படுவது இது. மருந்துக் கடையில் கிடைக்கும் ஸ்பிரிட்டை வெள்ளைத் துண்டில் சிறிது நனைத்து ஒற்றி எடுக்க வேண்டும். ஊற்றினால் அடியிலுள்ள பசை கரையும். ஸ்பிரிட் எளிதில் தீப்பற்றுவது. ஆகவே அருகே பீடி, தீக்குச்சி கூடாது. கதவுகள் திறந்திருத்தல் அவசியம்.

புகையிலைப் புகை: மஞ்சள் நிறமாகக் கூரை முழுதும் பரவியிருக்கும். சோப்பு நுரையே இதற்கு மருந்து. ஆயின் இரண்டு மூன்று நாட்கள், இடையிடையே உலரவிட்டுச் செய்ய வேண்டியிருக்கும்.

நீர் வளையம்: ஒரு பங்கு வெள்ளை வினிகரை நான்கு பங்கு நீரில் கலந்து, அதில் பிழிந்த துண்டால் வளையத்தை மட்டுமன்றி அப்பகுதி முழுவதையும் துடைத்தால் பெரும்பாலும் மறையும்.

துருக்கோடு: இது சோப்புக்கு அசையாது. புளிப்புப் பொருள்கள் துருவைக் கரைப்பது உண்மையே. ஆனால் அவை தங்கிவிட்டால் பருத்தி இழையின் வலிமை கெடும், கம்பியும் மேலும் அரிக்கும். ஆகவே கம்பியைக் கழற்றித் துருவைச் சுரண்டி வர்ணம் பூசாமல், துணியை மட்டும் வெளுக்க முயல்வது வீண்.

பெட்ரோலும் மண்ணெண்ணெயும் கறை நீக்கும் என்று சிலர் அவற்றைப் பயன்படுத்துவதுண்டு. மூடிய வண்டிக்குள் அவற்றின் ஆவி நிறைவது உயிருக்கே ஆபத்து. வெளுப்புக் குளோரினும் கூடாது. அது கம்பளியையும் நைலானையும் அரிக்கும், இரும்பைத் துருவேற்றும், வினிகரோடோ அமோனியா உள்ள திரவங்களோடோ கலந்தால் நச்சுவாயு உண்டாகும். நீராவிக் கருவி கொண்டு சுத்தம் செய்து தருவோரும் உளர். ஒட்டிய கூரைக்கு நீராவி ஆகாது. ஈரத்தையும் வெப்பத்தையும் ஒருங்கே செலுத்தும் கருவி அன்றோ அது!

பூஞ்சணமும் வெள்ளமும்

2015-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் வாரத்தில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை நீர் திறக்கப்பட்டதையும் அடையாற்றங்கரை மூழ்கியதையும் நாம் மறவோம். 2023-ஆம் ஆண்டு டிசம்பர் 4-ஆம் தேதி மிக்ஜாம் புயலின்போதும் சென்னையைச் சுற்றிப் பல இடங்களில் வண்டிகள் நீரில் நின்றன. நீர் இருக்கை மட்டத்துக்கே ஏறியிருந்தாலும், சில நாட்களில் கூரையில் கறுப்பும் பச்சையுமாகப் பூஞ்சணம் பூப்பதுண்டு. கீழே தேங்கிய ஈரம் மூடிய வண்டிக்குள் ஆவியாகி மேலே ஏறிப் படிவதே காரணம். நனைந்த பொருளில் ஒன்று அல்லது இரண்டு நாட்களுக்குள் பூஞ்சணம் வேரூன்றத் தொடங்கும். ஆகவே, வெள்ளம் வடிந்ததும் எந்திரத்தைப் பற்றிக் கவலைப்படுவதோடு, கதவுகளைத் திறந்து, தரைப் பாயை எடுத்து, காற்றோட்டம் உண்டாக்குவதும் அதே நாளில் செய்யத்தக்கது.

பூஞ்சணம் பிடித்துவிட்டால், அதனை உலர்ந்த நிலையில் தட்டவோ தூற்றவோ கூடாது. வித்துக்கள் பறந்து மூச்சிலும் சரக்கிலும் சேரும். கவசம் அணிந்து, வெட்டவெளியில், ஸ்பிரிட்டில் நனைத்துப் பிழிந்த துண்டால் ஒற்றி ஒற்றி எடுத்து, அத்துண்டை உடனே ஒரு பையில் இட்டுக் கட்டிவிட வேண்டும். அதன்பின் சோப்பு நுரை. அதன்பின் முழு உலர்வு. ஆஸ்துமா உள்ளவரை இவ்வேலைக்கு விடலாகாது. ஈரம் வந்த வழியைக் கண்டு அடைக்காவிடில் பூஞ்சணம் மீண்டும் வரும். கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பர்ப் பட்டை, கூரையின்மேல் சாமான் தாங்கி பொருத்திய திருகாணித் துளைகள் ஆகிய இவையே வழக்கமான ஒழுக்கு வாய்கள்.

தொங்கிவிட்ட கூரைக்கு வழி

நுரைப்பஞ்சு பொடிந்த கூரையைக் குண்டூசியால் குத்தி நிறுத்துவது சில நாள் பரிகாரம். துணியைத் துளைத்துப் பசையை ஏற்றுவதும் நிலைக்காது. பசை பற்றுவது பொடியையேயன்றி அட்டையை அன்று. மணலின்மேல் ஒட்டிய காகிதம் நிற்குமா? விளக்கு, கைப்பிடி, ஓரப்பட்டை ஆகியவற்றைக் கழற்றி அட்டையை வெளியே எடுத்து, பழைய துணியை உரித்து, பொடிந்த நுரைப்பஞ்சைக் கடைசித் துகள்வரை மென்தூரிகையால் அகற்றி, நுரை ஒட்டிய புதுத் துணியை வெப்பம் தாங்கும் பசையால் ஒட்டுவதே முறை. அட்டையை வெளியே எடுக்கும்போது மடக்கினால் முறியும். ஆதலால் இருவர் பிடிப்பது நலம்.

தொங்கும் வகையில், கம்பிகளைக் கழற்றும்போதே முன்னிருந்து பின்னாக எண்ணிட்டுக் கட்டி வைக்க வேண்டும். ஒவ்வொரு கம்பியின் வளைவும் நீளமும் வேறு; இடம் மாறினால் துணி சுருக்கமாக நிற்கும். பழைய துணியைத் தூக்கி எறியாமல், தையலைப் பிரித்து அதையே அளவாக வைத்து வெட்டுக. பருத்தித் துணி இடுவதாயின் முதலில் நனைத்துச் சுருங்கவிட்டு, பிறகு வெட்ட வேண்டும். குஷன் வேலைக்காரர் இவ்வேலையைச் செய்வர். துணி மட்டும் ஏன் வெளியில் வாங்க வேண்டும்? நெருக்கமாக நெய்த கெட்டித் துணி நம் சங்கத்துத் தறியிலேயே உண்டு. பாவும் ஊடையும் சமமான இறுக்கத்தோடு நெய்த துணியே இழுத்துக் கட்டும்போது கோணாது நிற்கும் என்பதை நம்மினும் அறிந்தவர் யார்?

சங்கம் முடிவு செய்யவேண்டிய முறை

சுத்தம் செய்வதா, மாற்றுவதா, வண்டியையே விற்பதா என்ற கேள்வி எழும்போது, மூன்று விஷயங்களை நிர்வாகக் குழு எழுத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். கூரையின் வகையும் நிலையும் முதலாவது. குறைந்தது இரு குஷன் கடைகளின் விலைப்புள்ளி இரண்டாவது. வண்டியின் எஞ்சிய ஆயுள் மூன்றாவது. சொந்த உபயோக வாகனத்துக்குப் பதிவு 15 ஆண்டுகள் செல்லும்; அதன்பின் 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பித்தல் வேண்டும். சரக்கு வாகனத்துக்குத் தகுதிச் சான்றைக் காலந்தோறும் பெற வேண்டும். புதுப்பிக்க முடியாத வண்டிக்குப் புதுக்கூரை போடுவது, அறுவடை முடிந்த வயலுக்கு உரமிடுவதை ஒக்கும். நல்ல வண்டியாயின், ஒரு நாள் உழைப்பும் ஒரு சிறு புட்டி சோப்பும் போதும். அதற்குப் பெருந்தொகை செலவெழுதும் பில்லைக் காரியதரிசி ஏற்றுக்கொள்ளலாகாது.

இதோடு, வாகனப் பதிவேட்டில் "கூரை பார்வை" என்று ஒரு பத்தியைச் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறோம். மாதம் ஒருமுறை வெள்ளைத் துண்டால் ஒற்றிப் பார்த்து முடிவை எழுதட்டும். புரட்டாசி முடிவதற்குள் ஒருமுறையும், தை பிறந்ததும் ஒருமுறையும் மேற்கூறிய முறைப்படி சுத்தம் செய்யட்டும். வண்டி சுத்தமாக இருந்தாலும், துணி மூட்டையின் மேற்புறத்தை உறையால் மூடாமல் ஏற்றலாகாது. கறை என்று புகார் வந்தால், நெசவாளர் கூலியில் கை வைக்குமுன் அந்தப் பத்தியைப் புரட்டிப் பார்ப்பதை நிர்வாகக் குழு ஒரு விதியாகவே கொள்ளட்டும். தறியில் உட்கார்ந்திருப்பவனுக்கு வண்டியின் கூரையைப் பார்க்க வழியில்லை. பார்க்க வேண்டியவர் நிர்வாகத்தாரே.